இரண்டு நாளில் சென்னையில் எந்த மியூசியம்? வேடியப்பன் கல்லில் இருந்து தொடங்குங்கள்

காவேரிப்பட்டணத்தில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு இரண்டு நாள் சென்னையில் தங்கப் போகிறார்கள். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. சென்னையில் இருக்கும் மியூசியங்களில் சிறந்தவை எவை, இரண்டு நாளில் எத்தனை பார்க்கலாம், இல்லை பக்கத்தில் இருக்கிற பெங்களூருக்கே போய் வந்துவிட்டால் போதுமா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: போன வருஷம் ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப் போனபோது அரை மணி நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் "போலாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டார்களாம். அவருடைய உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எது சிறந்தது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பிள்ளைகள் கையை இழுக்காமல் நின்று பார்க்க என்ன செய்வது என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். வட்டெழுத்தும் பழைய தமிழெழுத்தும் முறையாகக் கற்றுக்கொண்டு, விடுமுறை நாட்களில் நடுகல் தேடிப் போனவன். ஆகவே கல், செப்பு, எழுத்து இவற்றைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். நவீன ஓவியம், விமானம், ரயில் என்ஜின் ஆகியவற்றில் எனக்குப் பயிற்சி இல்லை. அவற்றுக்கான இடங்களைப் பற்றிப் பிள்ளைகளோடு போய் வந்தவனாக மட்டும் சொல்கிறேன்.

முதன்முதலாகப் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பொறுப்பேற்றபோது நான் ஒரு பெரிய தவறு செய்தேன். காலையில் எழும்பூர், மதியம் கோட்டை, பிறகு கோளரங்கம், சாயங்காலம் விவேகானந்தர் இல்லம் என்று ஒரே நாளில் நான்கு இடம். பெற்றோர் கொடுத்த காசுக்கு நிறையக் காட்டிவிட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஊர் திரும்பியதும் பார்த்த ஒரே ஒரு பொருளைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் எழும்பூரில் இருக்கும் திமிங்கில எலும்புக்கூட்டை எழுதினார்கள். மீதிப் பேர் கடலை எழுதினார்கள். அங்கிருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி ஒரு பிள்ளைகூட எழுதவில்லை. அந்தத் தாள்களைத் திருத்திக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் கவனிக்காமல் இல்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று நான் அவர்களைத் தயார் செய்யவில்லை. திமிங்கிலம் என்றால் என்ன என்று அவர்களுக்கு முன்பே தெரியும், அதனால் அது மனதில் நின்றது. சிலை ஒரு கண்ணாடிக்குள் இருந்த இன்னொரு சிலை, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு சென்னைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பே பிள்ளைகளை ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வேடியப்பன் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப் போனேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் வேடியப்பன் இல்லாத திசை இல்லை. ஏரிக்கரையில், புளியமரத்தடியில், நிலத்தின் மூலையில் கல்லை நட்டு, எண்ணெய் பூசி, பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். அந்தக் கற்களில் பல, ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட நடுகற்கள். ஊர் மாட்டை எதிரிகள் ஓட்டிக்கொண்டு போனபோது மீட்கப் போய் உயிரை விட்டவனுக்கு ஊரார் நட்ட கல். தமிழ்நாட்டிலேயே நடுகற்கள் மிக அடர்த்தியாகக் கிடைத்திருப்பது நம் இரண்டு மாவட்டங்களிலும் செங்கம் பக்கத்திலும்தான்.

அந்தக் கல்லின் முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வீரன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான்? கையில் வில்லா, வாளா, கேடயமா? மார்பிலோ தொடையிலோ அம்பு தைத்திருக்கிறதா? காலடியில் மாடு இருக்கிறதா? பக்கத்தில் புலி இருந்தால் அது புலிகுத்திக் கல், மாட்டுச் சண்டையில் செத்தவன் கல் இல்லை, புலியோடு போராடிச் செத்தவன் கல். காலுக்குப் பக்கத்தில் மூக்கு வைத்த ஒரு சிறு பாத்திரம் செதுக்கியிருக்கும், அதைக் கெண்டி என்போம். பக்கத்தில் சிமிழும் இருக்கும். மேலே எழுத்து இருந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரியான வாசகம்தான்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர்த் தொறு கொண்ட ஞான்று, மீட்டுப் பட்டான் இன்னான் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். இந்த நான்கைந்து சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கல் பேச ஆரம்பித்துவிடும். இதை நான் பல வருஷம் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். வீரன் மாட்டை மீட்டுச் செத்தான் என்பது எழுத்திலேயே இருப்பதால் அது உறுதி. கெண்டி எதற்காகச் செதுக்கப்பட்டது என்பது ஊகம். அரசன் கொடுத்த சிறப்பின் அடையாளம் என்று சிலர் கொள்கிறார்கள். எனக்கு வேறொன்று நினைவுக்கு வரும். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்த பிறகு ஔவையார் பாடிய ஒரு பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. மலை நாடு முழுவதையும் சேர்த்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டி, சின்னப் பாத்திரத்தில் ஊற்றும் கள்ளை ஏற்றுக்கொள்வானோ என்று கேட்கிறார். காலையும் மாலையும் இனி எனக்கு இல்லாமலே போகட்டும் என்கிறார். கெண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சின்னப் பாத்திரம்தான் எனக்குத் தெரிகிறது. பாட்டு சங்க காலத்தது, கற்கள் அதற்குச் சில நூற்றாண்டு பிந்தியவை, ஆகவே இரண்டையும் நேராக முடிச்சுப் போட எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் தகடூர் என்பது இன்றைய தருமபுரிதான் என்பதில் சந்தேகம் இல்லை. அதியமான் கதைப்பாத்திரம் இல்லை என்பதற்கு ஜம்பையில் 1981-ல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ் பிராமி எழுத்தே சாட்சி. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்று அதில் பெயரோடு இருக்கிறது. பாளி என்றால் குகை இருப்பிடம். அதேசமயம், நம் பக்கம் எந்தப் பழைய கல்லைப் பார்த்தாலும் "அது அதியமான் காலத்துக் கல்" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான கற்கள் பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர், சோழர் காலத்தவை.

ஊர்க் கல்லைப் பார்த்தாயிற்றா, அப்புறம் ஒரு சனிக்கிழமை கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1993-ல் தொடங்கியது. சின்ன இடம்தான், ஒரு மணி நேரம் போதும். தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது, அங்கே நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஊரில் ஒரு கல்லை உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு இங்கே பத்துக் கல்லை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை, நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் மயிலாடும்பாறையைப் பற்றியும் சொல்லுங்கள். பர்கூர் வட்டத்தில் தொகரப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கிடைத்த இரும்பு கி.மு. 2172 காலத்தது என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பிள்ளைகள் அதைச் செய்தியில் கேட்டிருப்பார்கள். ஆனால் எப்படி அளந்தார்கள் என்று கேட்டால் பெரியவர்களுக்கே தெரிவதில்லை. இரும்பின் வயதை நேரடியாக அளக்கவில்லை, இரும்பு கிடைத்த மண் அடுக்கில் இருந்த கரித்துண்டின் வயதை அளந்தார்கள். கரியும் இரும்பும் ஒரே சமயத்தில் மண்ணுக்குள் போயின என்று கொண்டால்தான் அந்த ஆண்டு இரும்புக்கும் பொருந்தும். அகழாய்வு ஒழுங்காக நடந்திருந்தால் அப்படிக் கொள்வது நியாயம்தான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த நுணுக்கம் புரியும், சொல்லிப் பாருங்கள்.

சரி, சென்னைக்கு வருவோம். ஒரே ஒரு மியூசியம்தான் பார்க்க முடியும் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. 1851-ல் தொடங்கியது, கல்கத்தாவில் இருப்பதற்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பழையது. முதலில் நுங்கம்பாக்கத்தில் கல்லூரி ஒன்றின் கட்டடத்தில் இருந்தது. 1854-ல் பாந்தியன் சாலைக்கு வந்தது. 1855-ல் இதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்துக் காட்ட ஆரம்பித்தார்கள். பழைய சென்னைக்காரர்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சிச் சாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். காலேஜ் கட்டடத்தில் தொடங்கியதால் வந்த பெயர். இதை உங்கள் மகனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவான்.

வளாகத்தில் பல கட்டடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் போன வருஷம் நடந்ததுதான் மறுபடி நடக்கும். என் கணக்கு இது: காலையில் திறந்ததும் செப்புத் திருமேனிகள், அதன் பிறகு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுவது, பிறகு கற்சிற்பமும் தொல்பழங்காலமும், கடைசியாக மகனுக்காகத் திமிங்கிலம். திமிங்கிலத்தை முதலில் காட்டாதீர்கள், அதைப் பார்த்த பிள்ளைக்கு ஒரு சாண் உயரச் சிலை கண்ணில் படாது.

செப்புத் திருமேனிக் கூடத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நீங்கள் மூன்றே மூன்றின் முன்னால் நில்லுங்கள். ஒன்று திருவாலங்காட்டு நடராசர். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் படத்தில் பார்த்தே மயங்கிப்போய் எழுதினது சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் பற்றித்தான். மகனை அதன் முன்னால் அதேபோல் நிற்கச் சொல்லுங்கள். வலது முழங்காலைக் கொஞ்சம் மடித்து ஊன்றி, இடது காலைக் குறுக்கே தூக்கி, ஒரு கையை யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் வீசி. ஐந்து எண்ணுவதற்குள் ஆடிப்போவான். அப்போது கேளுங்கள், இந்தச் சிலை ஏன் சாயாமல் நிற்கிறது, எடை எங்கே இறங்குகிறது என்று. இரண்டாவது, திருவெண்காட்டு அர்த்தநாரி. பிள்ளைகளிடம் கையை எண்ணச் சொல்லுங்கள். மூன்று கைதான் இருக்கும். சிவன் பாதிக்கு இரண்டு, உமை பாதிக்கு ஒன்று. இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து மறுபக்கம் நேராக இறங்குவதைப் பாருங்கள், இரண்டு உடம்பு எங்கே சேர்கிறது என்று கோடு கிழிக்கவே முடியாது. பதினோராம் நூற்றாண்டில் அதைச் செய்தவன் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. மூன்றாவதை உங்கள் மகள் தேர்ந்தெடுக்கட்டும்.

இவை எப்படிச் செய்யப்பட்டன என்று தெரிந்தால் பார்வையே மாறிவிடும். முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்வார்கள். அதன் மேல் வண்டலையும் களிமண்ணையும் பூசிக் காய வைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே விழுந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைப்பார்கள். மெழுகும் போயிற்று, மண் அச்சும் போயிற்று, ஆகவே அதே சிலையை இன்னொன்று செய்ய முடியாது. உள்ளே கூடு இல்லாமல் முழுக்க உலோகமாக வார்ப்பதைக் கன வார்ப்பு என்பார்கள். சுவாமிமலையில் இன்றும் இந்த வேலை நடக்கிறது. சிலையின் பீடத்தைக் குனிந்து பாருங்கள், துளைகளோ வளையங்களோ இருக்கும். உற்சவத்தின்போது கழியைச் செருகித் தூக்கிக்கொண்டு போவதற்காக.

நடுகல் பார்த்துவிட்டு வந்த அந்த வகுப்பில் ஒரு மாணவி இங்கேதான் என்னைக் கேட்டாள்: "சார், இந்தச் சாமிக்கு ஏன் துணி கட்டல?" மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கோ அது அந்த நாளின் மிகச் சிறந்த கேள்வி. கோயிலில் பட்டும் பூவும் நகையும் சார்த்தியிருப்பதால் முகமும் கையும் மட்டும்தான் நமக்குத் தெரியும், சிற்பி செய்த முழு வேலையைப் பார்க்க முடியாது. மியூசியத்தில் முழு வேலையும் தெரிகிறது, ஆனால் விளக்கும் மணியும் கூட்டமும் இல்லை. இரண்டில் எது சரி என்று அன்று நான் சொல்லவில்லை. ஒருத்தி வெளியே வரும்போது அந்தக் கூடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். உங்கள் பிள்ளைகள் கும்பிட்டால் தடுக்காதீர்கள்.

இவ்வளவு சிலைகள் எப்படி எழும்பூருக்கு வந்தன என்று மகள் கேட்டால் பதில் இருக்கிறது. படையெடுப்புக்குப் பயந்து கோயில்காரர்கள் மண்ணுக்குள் புதைத்து வைத்தவை நூற்றாண்டுகள் கழித்து ஏர் ஓட்டும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் வெளியே வந்தன. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அப்படிக் கிடைப்பதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், கலெக்டர் வழியாக அது மியூசியத்துக்கு வரும். இன்றும் அந்தச் சட்டம் இருக்கிறது. உங்கள் நிலத்தில் போர்வெல் போடும்போது ஏதாவது கிடைத்தால் தாசில்தாரிடம் சொல்ல வேண்டியது ஏன் என்று பிள்ளைகளுக்கு இங்கே வைத்துச் சொன்னால் மறக்காது.

கற்சிற்பங்களில் இரண்டைத் தேடிப் பாருங்கள். ஒன்று அமராவதிச் சிற்பங்கள், கிருஷ்ணா நதிக்கரைப் பௌத்தத் தூபியில் இருந்தவை. கூட்டம் கூட்டமாக மனிதர்கள், தாமரை வளையம், எல்லாம் சுண்ணாம்புக் கல்லில். இதில் ஒரு பங்கு 1859-ல் லண்டனுக்குப் போய்விட்டது, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. இன்னொன்று நுளம்பர் சிற்பம். ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நுளம்பர்கள் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் நம் தருமபுரியையும் ஆண்டவர்கள். வழவழவென்று கறுத்த கல்லில் இழைத்த தூண்களைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பியதும் தருமபுரிக் கோட்டைக் கோயில் தூண்களை ஒருதரம் போய்ப் பாருங்கள். எழும்பூரில் பெயர்ப்பலகையை மட்டும் படித்துவிட்டு நகர்கிறவர்களுக்கு இந்த உறவு தெரியாது. உங்களுக்குத் தெரியும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

தொல்பழங்காலப் பகுதியில் இராபர்ட் புரூஸ் ஃபூட் சேர்த்த கற்கருவிகள் இருக்கின்றன. அவர் நிலவியல் துறைக்காரர். 1863 மே 30-ல் பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, இது மனிதன் கையால் உடைத்துச் செய்த கருவி என்று கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே பகுதியில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பொன் நெற்றிப்பட்டமும் இரும்பும் வெண்கலமும். பிள்ளைகளுக்குக் கற்கோடாரியைக் காட்டும்போது சேர்வராயன், ஜவ்வாது மலைக் கிராமங்களில் அதே மாதிரித் தேய்த்து மழமழப்பாக்கிய கோடாரிக் கற்களைப் பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று சொல்லுங்கள். யார் செய்தது என்று மறந்துபோன பிறகும் அது சாதாரணக் கல் இல்லை என்று அந்த மக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது நாளுக்கு நான் கோட்டை மியூசியத்தைச் சொல்வேன். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொல்லியல் துறை நடத்துவது. பலரும் அங்கே பீங்கானையும் பழைய துப்பாக்கியையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டியது ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலையின் பீடம். திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. 1792-ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கை. அந்த உடன்படிக்கையில்தான் பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி, திப்புவின் கையில் இருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. அதற்குப் பிறகுதான் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே வந்து வயல் வயலாக அளந்து வரி போட்டார்கள். ரயத்துவாரி முறை என்று பாடப்புத்தகத்தில் உங்கள் மகள் படிப்பது நம் நிலத்தில் பிறந்தது. மன்றோ தருமபுரியில் பல ஆண்டுகள் இருந்தவர், சென்னையில் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர் அவரேதான். போகிற வழியில் காட்டிவிடலாம். 1947 ஆகஸ்ட் 15-ல் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியும் இந்த மியூசியத்தில் இருக்கிறது. தலைமைச் செயலகம் இருக்கும் வளாகம் என்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் பிற்பகல் பிள்ளைகளுக்குத் திறந்தவெளி வேண்டும் என்று தோன்றினால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். 1996-ல் திறந்தது. திண்ணையில் உட்காரலாம், குயவர் சக்கரத்தில் கை வைக்கலாம். ஆனால் நகரத்தில் இருந்து தூரம், கோட்டையையும் அதையும் ஒரே நாளில் பார்த்தால் களைத்துப் போவார்கள். இரண்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் ரயில் பைத்தியம் என்றால் பெரம்பூர் பக்கம் ரயில் மியூசியம் உண்டு. கோட்டூர்புரத்துக் கோளரங்கமும் நல்ல இடம்தான், அதற்கு மேல் அவற்றை எடைபோட நான் சரியான ஆள் இல்லை.

பெங்களூரு போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர், காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பலாம். ஆனால் சோழர் செப்புத் திருமேனிகளுக்கு எழும்பூர்தான், அதற்கு அங்கே மாற்று இல்லை. அதனால் சென்னைப் பயணத்தைக் கைவிடாதீர்கள், பெங்களூருவை இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கஸ்தூர்பா சாலையில் விசுவேசுவரய்யா தொழில்நுட்ப மியூசியத்தில் உங்கள் மகன் நாள் முழுக்க இருப்பான், எல்லாவற்றையும் அழுத்தலாம், சுழற்றலாம். அதே சாலையில் 1865-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஆதக்கூர்க் கல் என்று ஒன்று. நடுகல் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

கதை இதுதான். கி.பி. 949-ல் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் தக்கோலத்தில் சோழருக்கும் இராட்டிரகூடருக்கும் பெரும்போர். சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேலேயே கொல்லப்பட்டான். கொன்றவன் இராட்டிரகூடர் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகன். அந்தப் போரில் நன்றாகச் சண்டையிட்ட மணலேரன் என்ற வீரனிடம் என்ன வேண்டும் என்று பூதுகன் கேட்கிறான். அவன் ஊரோ பொன்னோ கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு காளி மோதியது, இரண்டும் செத்தன. காளிக்காகக் கல் நட்டு நிலமும் விட்டார்கள். கல்லின் மேலே நாயும் பன்றியும் மோதிக்கொண்டு நிற்கின்றன. சுற்றிலும் கன்னட எழுத்தில் தக்கோலப் போர்ச் செய்தி. சோழ வரலாற்றின் மிகப் பெரிய தோல்விக்கு ஒரு முக்கியமான சாட்சி ஒரு நாயின் கல். நம் பக்கமும் இதற்கு இணை உண்டு. ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை தாண்டித் திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் போனால் எடுத்தனூர். அங்கே கிடைத்த பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்தில் நாயும் இருக்கிறது, பெயரோடு. கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்து சொல்கிறது. காளிக்கு முந்நூறு ஆண்டு மூத்த நாய்.

இனி நடைமுறை. எழும்பூருக்கும் கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒருமுறை நான் இதைச் சரிபார்க்காமல் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூட்டிய கதவின் முன்னால் போய் நின்றேன், அந்த முகங்களை இன்னும் மறக்கவில்லை. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய், பெங்களூரு அரசு அருங்காட்சியகத்துக்குத் திங்கள். தேசிய விடுமுறையிலும் எழும்பூர் திறக்காது, காலாண்டு விடுமுறைக்குள் அக்டோபர் 2 வரும் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பதற்காகச் சில கூடங்களை மாதக்கணக்கில் மூடி வைப்பதும் உண்டு, ஆகவே கிளம்பும் முன் போன் செய்து, செப்புத் திருமேனிக் கூடம் திறந்திருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம், அங்கிருந்து எழும்பூர் மெட்ரோவில் அடுத்த நிலையம்.

ஆளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். போட்டோ எடுக்கிற பிள்ளை இரண்டு நொடி பார்க்கும், வரைகிற பிள்ளை பத்து நிமிஷம் பார்க்கும். படம் நன்றாக வர வேண்டிய அவசியமில்லை. கூடத்துக்கு ஒரு பொருள் வரைந்தால் போதும், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து வரையுங்கள். காவலாளிகளிடம் பேசத் தயங்காதீர்கள், வருஷக்கணக்காக அந்தச் சிலைகளோடு இருப்பவர்கள் அவர்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த ஜன்னல் வெளிச்சம் எந்தச் சிலை மேல் எப்போது விழும் என்பதுவரை சொல்வார்கள்.

ஊர்க் கல்லைப் பார்க்கப் போகும்போது ஒன்றே ஒன்று. எழுத்து தெரியவில்லை என்று கம்பியால் சுரண்டவோ சுண்ணாம்பைத் தேய்க்கவோ வேண்டாம், பூசாரியிடம் கேட்காமல் எண்ணெயைக் கழுவவும் வேண்டாம். காலை ஏழு, எட்டு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது போனால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தானே தெரியும். அந்த வெளிச்சத்தில் நேராக ஒரு படமும் சாய்வாக ஒரு படமும் எடுத்து இங்கே போடுங்கள். வட்டெழுத்தாக இருந்தால் என்னால் முடிந்தவரை படித்துச் சொல்கிறேன், உங்கள் மகள் முதலில் முயன்று பார்க்கட்டும்.